ஒரே பெயர், இரண்டு ஊர்: குவாங்சோவிலிருந்து டாய்சோ போன கதை

2024 அக்டோபர் 21, திங்கள்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. சீனாவில் ஒரு விமான நிலையத்தின் வருகை வாசலில் பெட்டியும் கையுமாக நின்றுகொண்டு, என்னை அழைத்துப்போக வரவேண்டிய ஃபேக்டரிப் பெண்ணுக்கு வீசாட் செயலியில் ஒரு செய்தி அனுப்பினேன்: வந்துவிட்டேன், வெளியே நிற்கிறேன். உடனே பதில் வந்தது. நானும் வாசலில்தான் நிற்கிறேன், வெள்ளைச் சட்டை, உங்கள் பெயர் எழுதிய அட்டை கையில் இருக்கிறது. சுற்றிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், அட்டை யாரிடமும் இல்லை. எந்த வாசல் என்று கேட்டேன். இங்கே ஒரே வாசல்தான் என்றார். என் கண்ணுக்கும் ஒரே வாசல்தான் தெரிந்தது. படம் எடுத்து அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு அவர் பக்கத்துப் படம் வந்தது. என் பெயர் எழுதிய அட்டை, அதற்குப் பின்னால் நான் பார்த்தே இராத ஒரு கட்டடம். கூடவே வரைபடத்தில் அவர் நிற்கும் இடம். எங்கள் இருவருக்கும் நடுவில் நேர்கோட்டில் ஏறத்தாழ 470 கிலோமீட்டர்.

கூத்து என்னவென்றால், நாங்கள் இரண்டு பேருமே டாய்சோ என்று பெயர் போட்ட விமான நிலையத்தில்தான் நின்றோம். சீனாவில் டாய்சோ இரண்டு. ஒன்று ஜியாங்சு மாகாணத்தில், யாங்சி ஆற்றுக்கு வடக்கே. இன்னொன்று ஜெஜியாங் மாகாணத்தில், கிழக்குச் சீனக் கடலோரம். சீன எழுத்தில் இரண்டும் வேறு வேறு. பேசும்போதும் ராகம் மாறும்: கடலோரத்து ஊரின் முதல் அசையை மேல்குரலில் நீட்டிச் சொல்கிறார்கள், ஆற்றோரத்து ஊருக்குக் குரல் சட்டென்று கீழே விழுகிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும். நம்மைப் போன்றவர்களுக்குக் கைப்பேசியில் தெரிவதோ அந்த ஆங்கில எழுத்து மட்டும்தான்.

நான் ஏன் அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். கோவையில் குறிச்சி சிட்கோ பக்கம் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று இன்ஜெக்‌ஷன் மெஷின், பெரும்பாலும் ஜாப் ஒர்க். வெட் கிரைண்டருக்கு மூடி, பாடி, பம்புசெட்டுக்குச் சின்னச் சின்ன உதிரிகள். அடுத்தவன் மோல்டில் (பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தும் உலோக அச்சு) ஷாட் அடித்து, அதாவது பீஸ் பீஸாக வார்த்துக் கொடுத்தே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. சொந்தமாக ஒரு கிரைண்டர் மாடல் போடலாம் என்று நானும் மச்சினனும் முடிவு செய்து விசாரித்தபோது எல்லோரும் சொன்ன ஊர் ஹுவாங்யான். ஜெஜியாங் டாய்சோவுக்குள் இருக்கும் ஒரு வட்டாரம் அது. தெருவுக்குத் தெரு மோல்டு தயாரிப்பவர்கள். வாளி மோல்டிலிருந்து கார் பம்பர் மோல்டு வரை அங்கே செய்கிறார்கள். அட்வான்ஸ் கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. புது மோல்டை மெஷினில் ஏற்றி முதல் ட்ரையல் எடுக்கும்போது நேரில் நிற்கவேண்டும் என்பது என் பிடிவாதம். மோல்டு கப்பலேறி வந்தபிறகு குறை கண்டுபிடித்து யாரிடம் போய் அழுவது? அதனால் குவாங்சோவில் அக்டோபர் 15 முதல் 19 வரை நடந்த கான்டன் வணிகக் கண்காட்சியின் முதல் கட்டத்தையும் பார்த்துவிட்டு, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் டாய்சோ போவது என்று திட்டம். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அப்போது நேரடி விமானமே இல்லை, 2020-இல் நின்றது 2025 அக்டோபரில்தான் மறுபடி தொடங்கியது. நான் சிங்கப்பூர் சுற்றிப் போனேன்.

ஊரில் இருக்கும்போதே எல்லோரையும் போல நானும் இணையத்தில் தேடினேன்: குவாங்சோவிலிருந்து டாய்சோ எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரம். சுமார் 1,018 கிலோமீட்டர், ஒரு மணி 46 நிமிடம் என்று வந்தது. அதை டைரியில் எழுதிவைத்தேன். பிறகு டிக்கெட் செயலியில் ஊர்ப் பெயரைத் தட்டினேன். மேலே வந்த முதல் பெயரைத் தொட்டேன். காலை 8.20-க்கு ஒரு விமானம், 10.40-க்கு இறங்கும், 780 யுவான். சில நாள் முன்பு வேறு இடத்தில் இதே பயணத்துக்கு 1,100 யுவான் பார்த்த ஞாபகம். 320 யுவான் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். பயண நேரம் 2 மணி 20 நிமிடம் என்று போட்டிருந்தது கண்ணில் படத்தான் செய்தது. நான் எழுதிவைத்ததைவிட 34 நிமிடம் கூடுதல். ஓடுதளத்தில் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்திருப்பார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் பாதி உண்மை, அதனால்தான் நான் ஏமாந்தேன். இணையத்தில் இரண்டு ஊருக்கு நடுவே விமான நேரம் என்று காட்டுகிறார்களே, அது பெரும்பாலும் ஒரு சின்னக் கணக்கு. வரைபடத்தில் நேர்கோட்டுத் தூரத்தை எடுத்து மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி கூட்டினால் அந்த எண் வந்துவிடும். 1,018-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள். விமான நிறுவனம் டிக்கெட்டில் போடும் நேரம் வேறு: வாசலிலிருந்து வண்டி நகர்வது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் வாசலில் நிற்பது வரை. குவாங்சோ பாய்யுன் மாதிரிப் பெரிய நிலையத்தில் ஓடுதளத்துக்கு ஊர்ந்து போகவே இருபது நிமிடம் ஆகும். போதாததற்குச் சீன வான்வெளியில் பெரும்பகுதி ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பயணிகள் விமானங்கள் குறுகிய பாதைகளில் வளைந்து வளைந்துதான் போகவேண்டும். ஆகவே கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் பத்திருபது நிமிட வித்தியாசம் எப்போதும் இருக்கும். அரை மணிக்கு மேல் போனால் ஒரு தடவை நின்று யோசிக்கவேண்டும். ஏனென்றால் குவாங்சோவிலிருந்து நான் இறங்கிய இடம் சுமார் 1,200 கிலோமீட்டர், இறங்கவேண்டிய இடம் சுமார் 1,000. தரையில் 200 கிலோமீட்டர் என்றால் யாருக்கும் உறைக்கும். வானத்தில் அது கால் மணி நேரம். சரியான டாய்சோ இரண்டு மணி நேரம், தப்பான டாய்சோ இரண்டேகால் சொச்சம். யாருக்குச் சந்தேகம் வரும்?

இன்னொன்றையும் வெட்கத்தை விட்டுச் சொல்லவேண்டும். டிக்கெட்டில் இறங்குமிடம் 'யாங்சோ டாய்சோ சர்வதேச விமான நிலையம்' என்றுதான் இருந்தது. யாங்சோ, டாய்சோ என்ற இரண்டு பக்கத்து ஊர்களுக்கும் பொதுவாக 2012-இல் திறந்த நிலையம் அது. நான் 'யாங்சோ டாய்சோ' என்பதை ஏதோ முழுப்பெயர் என்று எடுத்துக்கொண்டேன். நம் ஊரில் பேட்டை பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வதில்லையா, அப்படி. நான் போகவேண்டிய நிலையத்தின் பெயர் டாய்சோ லூச்சியாவ்.

அன்றைக்கு நடந்ததை முறையாகச் சொல்கிறேன். கண்காட்சி நடக்கும் பாஜோ பக்கம் தங்கியிருந்தேன். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, என் ஓட்டலிலிருந்து 40 கிலோமீட்டர் இருக்கும். விடியற்காலை அஞ்சேகாலுக்கே டாக்சி பிடித்தேன். பாதுகாப்புச் சோதனையில் என் பவர் பேங்கை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பழைய பவர் பேங்க், எத்தனை ஆம்பியர், எத்தனை வாட் என்று அடியில் அச்சடித்த எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. சீனாவில் அந்த எழுத்து படிக்கும்படி தெளிவாக இல்லாவிட்டால் விடமாட்டார்கள். இப்போது இன்னும் கெடுபிடி. 2025 ஜூன் 28 முதல், சீனாவின் 3சி என்ற தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை உள்நாட்டு விமானத்தில் ஏற்றவே முடியாது. நம் ஊரில் வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று கிளம்புமுன் புரட்டிப் பாருங்கள். லைட்டரும் கூடாது. எனக்கு அப்போது போனது 1,400 ரூபாய் பவர் பேங்க், பெரிதாக வருத்தமில்லை. அதன் அருமை தெரிந்தது இறங்கியபிறகு, கைப்பேசியில் 31 சதவீதம் மட்டும் சார்ஜ் இருந்தபோது.

வரைபடத்தில் அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்தபோது முதலில் வந்தது பயம் இல்லை, கூச்சம். மூன்று மாதமாக மின்னஞ்சலில் மில்லிமீட்டருக்கும் கீழே டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு பிசகலாம் என்று பேசிய ஆள், ஊரைத் தப்பாக இறங்கியிருக்கிறான். அந்தப் பெண் ஃபேக்டரியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை செய்பவர், இருபத்தைந்து வயது இருக்கும். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "மன்னியுங்கள், நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும்" என்று மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதி அனுப்பினார். அதைப் படித்ததும் எனக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது. அதே நேரம் பார்த்து ஊரிலிருந்து மச்சினன் அழைக்கிறான்: "ஏனுங் மாமா, எறங்கியாச்சுங்ளா?" எறங்கியாச்சு மாப்ள என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பொய் இல்லையே.

மதியம் இரண்டு மணிக்கு ட்ரையல். எங்கள் மோல்டுக்குப் பெரிய டன் மெஷின் வேண்டும், அது அவர்களிடம் இல்லை. பக்கத்து ஃபேக்டரியில் மெஷினை மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மோல்டை ஏற்றிவைத்து, மெட்டீரியல் காயவைத்து, ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்சியில் போனால் என்ன ஆகும் என்று செயலியில் போட்டுப் பார்த்தேன். வந்த தொகையைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். விமானமும் அந்த நேரத்துக்கு ஒத்துவரவில்லை. மிச்சம் ரயில்தான்.

அந்தப் பெண்தான் அங்கிருந்தபடியே வழி சொன்னார். விமான நிலையத்திலிருந்து டாக்சியில் யாங்சோ கிழக்கு ரயில் நிலையம், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஹாங்சோ கிழக்கு, அங்கே மாறி டாய்சோ. டாக்சிக்காரரிடம் காட்டச் சொல்லி ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் சீன எழுத்தில் பெரிதாக எழுதி, படமாக அனுப்பினார். இந்த ஒரு காரியத்தை நான் கோவையிலேயே கேட்டு வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சீனம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படத்தை ஒப்பிடத் தெரிந்தால் போதும். டாய்சோவில் இரண்டாவது எழுத்து இரண்டு ஊருக்கும் பொது, மூன்று செங்குத்துக் கோடுகளும் நடுநடுவே புள்ளிகளுமாக இருக்கும். முதல் எழுத்தைப் பாருங்கள். கடலோரத்து டாய்சோ என்றால் கீழே ஒரு பெட்டி, அதன் மேல் கூரை மாதிரி ஒரு சின்ன வளைவு. அவ்வளவுதான், குழந்தை போட்ட வீடு மாதிரி. ஆற்றோரத்து டாய்சோவின் எழுத்து நெருக்கமானது: மேலே மூன்று படுக்கைக் கோடு, கீழே தண்ணீர் தெறிப்பது போலக் கோடுகள். ஒரு தடவை பார்த்தவன் மறக்கமாட்டான். நான் இப்போது தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

யாங்சோ கிழக்கு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. ரயில் டிக்கெட்டுக்கு 12306 என்று அரசு ரயில்வேயின் செயலி இருக்கிறது, ஆங்கிலத்திலும் வரும். ஆனால் அதில் பாஸ்போர்ட்டைப் பதிந்து சரிபார்ப்பு முடியவேண்டும், அவசரத்தில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை. ஊரிலிருந்து கிளம்புமுன்பே பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், ரயிலில் போகும் எண்ணமே இல்லாவிட்டாலும்கூட. நான் கவுன்டர் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர். அடுத்த வண்டியில் இடமில்லை, அதற்கடுத்ததில் முதல் வகுப்புதான் இருந்தது. வாங்கினேன். பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவுகள் பெரும்பாலும் அவர்களுடைய அடையாள அட்டைக்குத்தான் திறக்கும், திறக்காவிட்டால் வெளிநாட்டவர்கள் ஓரத்தில் ஆள் நிற்கும் வாசலுக்குப் போகவேண்டும். வண்டி கிளம்பச் சில நிமிடம் இருக்கும்போதே வாசலை மூடிவிடுகிறார்கள். பிளாட்பாரத்தில் ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளும் நம்மூர் வித்தை அங்கே செல்லாது.

வண்டியில் உட்கார்ந்தபிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. யாங்சி ஆற்றைப் பாலத்தில் கடந்தது. அவ்வளவு அகலத் தண்ணீரை நான் ஆறென்று சொல்லிப் பார்த்ததில்லை, சரக்குப் படகுகள் வரிசையாக எறும்பு மாதிரிப் போய்க்கொண்டிருந்தன. வேறொரு நாளாக இருந்தால் பத்துப் படம் எடுத்திருப்பேன். கைப்பேசியில் 12 சதவீதம். பிறகுதான் ஒன்று தெரிந்துகொண்டேன்: கடைகள், நிலையங்கள் எங்கே பார்த்தாலும் பவர் பேங்க் வாடகைப் பெட்டிகள் இருக்கின்றன. அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் ஸ்கேன் செய்தால் ஒன்று வெளியே வரும், அதே நிறுவனத்தின் வேறு பெட்டியில்கூடத் திருப்பிச் செருகலாம். அலிபேயில் நம் விசா, மாஸ்டர்கார்டை இணைக்கலாம். இணைத்ததோடு விடாமல் வந்து இறங்கிய முதல் நாளே ஒரு தண்ணீர் பாட்டிலாவது வாங்கி, வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கையில் ஐந்நூறு யுவான் நோட்டாகவும் இருக்கட்டும். யாங்சோ டாக்சியில் என் கார்டு முதல் இரண்டு தடவை மறுத்தது. டிரைவர் பொறுமைசாலி. நோட்டு இருந்ததால் பிழைத்தேன்.

ஹாங்சோ கிழக்கில் இன்னொரு முட்டாள்தனம். அதைச் சின்ன எழுத்தில் எழுத ஆசை. வண்டி ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தது, அடுத்த வண்டிக்கு 35 நிமிடம் இருந்தது. தாராளம். ஆனால் நான் கூட்டத்தோடு கூட்டமாக வெளியேறும் வாசல் வழியே வெளியே போய்விட்டேன். அந்த மாதிரிப் பெரிய நிலையங்களில் வெளியே போகாமல் உள்ளேயே மேல்தளத்துக்கு மாறிப்போக வழி வைத்திருக்கிறார்கள், அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். வெளியே போனவன் மறுபடி பாஸ்போர்ட் சோதனை, பெட்டி ஸ்கேன், பெரிய காத்திருப்புக் கூடம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யவேண்டும். நான் வாசலுக்கு ஓடிப்போனபோது விளக்குச் சிவப்பாகிவிட்டிருந்தது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. நாற்பத்தாறு வயது ஆள், காலையில் ஒரு பன் தின்றதோடு சரி. ஆனால் கவுன்டரில் திட்டவில்லை, பணமும் கேட்கவில்லை. வண்டியைத் தவறவிட்டால் அதே நாளில் இடமிருக்கும் வேறு வண்டிக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். இது தெரியாமல் புது டிக்கெட் வாங்கிய ஒருவரைப் பிறகு சந்தித்தேன். ஏழேகால் வண்டி கிடைத்தது.

ஹாங்சோவிலிருந்து டாய்சோவுக்கான அந்தப் பாதை 2022 ஜனவரியில் திறந்தது. தனியார் முதலீடு பெரும்பங்கு வைத்த சீனாவின் முதல் அதிவேக ரயில் பாதை அதுதான் என்று பக்கத்து இருக்கைக்காரர் செயலியில் மொழிபெயர்த்துப் பெருமையாகச் சொன்னார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் பயணம். இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. டாய்சோ என்றொரு நிலையம், டாய்சோ மேற்கு என்றொரு நிலையம். முன்பு டாய்சோ என்று இருந்ததைத்தான் புதுப் பாதை வந்தபோது 'மேற்கு' என்று மாற்றினார்கள், ஹுவாங்யானில் இருப்பது அதுதான். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டுப் போனால் குழம்பும். அந்தப் பெண் புது நிலையத்தில் காத்திருந்தார், காலையில் பிடித்த அதே அட்டையோடு. இரவு எட்டரை மணி. காலையில் குவாங்சோ ஓட்டலில் கிளம்பிப் பதினைந்து மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரப் பயணம் முடிந்தது.

அடுத்த நாள் அந்த வாடகை மெஷின் வேறொருவருக்குப் பேசி வைத்தது. இரவு பத்து மணிக்குமேல்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள், ஓவர்டைம் என்று 1,500 யுவான் என் கணக்கில். நியாயம்தான், அவர்கள் பக்கம் தப்பில்லை. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்து டாக்சி 110 யுவான். இரண்டு ரயிலுக்கும் சேர்த்து 420. மெஷினுக்கு 1,500. ஓட்டலில் ஒரு ராத்திரி கூடுதல், 260. நிலையத்திலிருந்து ஹுவாங்யானுக்கு அந்தப் பெண் பிடித்த காருக்கு நான் வற்புறுத்திக் கொடுத்தது 50. மொத்தம் 2,340 யுவான், அன்றைய மதிப்பில் 28,000 ரூபாய்க்குப் பக்கம். ஒரு நாள் தள்ளிப்போனதால் சிங்கப்பூர் வழித் திரும்பும் டிக்கெட்டை மாற்ற 14,000. ஆக 42,000 ரூபாய். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த 320 யுவான், ரூபாயில் 3,800-க்குப் பக்கம்.

இந்த ஊரோடு போகிற விஷயமும் இல்லை இது. பிறகு விசாரித்தால் சீனா முழுக்க இப்படி இரட்டையர்கள் இருக்கிறார்கள். பட்டுக்கும் தோட்டங்களுக்கும் பெயர்போன சூசோ ஜியாங்சுவில் இருக்கிறது, ஆங்கிலத்தில் அதே எழுத்தில் இன்னொரு சூசோ அன்ஹுய் மாகாணத்தில். ஃபூசோ என்று ஃபுஜியான் தலைநகர் ஒன்று, ஜியாங்சியில் ஒன்று. யூலின் என்று தெற்கே குவாங்சியில் ஒன்று, வடக்கே ஷான்சி பக்கம் ஒன்று, நடுவில் 1,700 கிலோமீட்டர். யிச்சுன் இரண்டுக்கும் நடுவே 2,000 கிலோமீட்டருக்கு மேல், ஒன்று ரஷ்ய எல்லைக்கு அருகில் பனியில் கிடக்கிறது. இவர்களுக்கு முன்னால் என் 470 ஒன்றுமே இல்லை. விமான நிலையத்துக்கு மூன்றெழுத்துக் குறியீடு உண்டே, அது மட்டும் உலகத்துக்கே ஒன்றுதான். நான் இறங்கியது ஒய்.டி.ஒய்., இறங்கவேண்டியது எச்.ஒய்.என். ஹுவாங்யான் என்ற பழைய பெயரிலிருந்து வந்த குறியீடு அது. டிக்கெட் எடுக்குமுன் போகிற இடத்துக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மாகாணம், விமான நிலையக் குறியீடு, சீன எழுத்தில் பெயர். ஒரே ஊரில் இரண்டு விமான நிலையம் இருக்கும் இடங்களிலும் இதே கதைதான். ஷாங்காயில் ஹாங்சியாவ் மேற்கே, புடாங் கிழக்கே. நான் போன 2024 அக்டோபரில் மெட்ரோவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆனது. பெய்ஜிங்கில் பழைய நிலையம் வடகிழக்கே, 2019-இல் திறந்த டாஷிங் தெற்குக் கோடியில். 'பெய்ஜிங் வரை ரெண்டரை மணி நேரம்' என்பதில் இந்தத் தூரமெல்லாம் சேராது.

விமானமா ரயிலா என்று கேட்பவர்களுக்கும் என் அபிப்பிராயம் இப்போது மாறிவிட்டது. பெய்ஜிங், ஷாங்காய் இடையே ரயில் பாதை 1,318 கிலோமீட்டர், வேகமான வண்டி நாலரை மணிக்கும் குறைவாகப் போகிறது. விமானம் இரண்டேகால் மணி என்றாலும் முன்னும் பின்னும் டாக்சி, சோதனை, பெட்டிக்குக் காத்திருத்தல் எல்லாம் கூட்டினால் ஐந்து மணியைத் தொடும். குவாங்சோவிலிருந்து ஜெஜியாங் பக்கம் என்றால் ரயில் நீளம், அங்கே விமானம்தான் சரி. அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் ஊர்களுக்கு நான் இனி ரயில்தான். பெட்டி எடை பற்றிய கவலையும் மிச்சம். உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 20 கிலோதான். மோல்டு சாம்பிள் நாலு பீஸ் வைத்தாலே அது ஆகிவிடும்.

ட்ரையல் இரவு பதினொன்றே முக்காலுக்குத் தொடங்கியது. முதல் பத்து ஷாட் மெஷினைச் சூடேற்றவே போனது. பதினோராவது மூடி கைக்கு வந்தபோது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. விளிம்பில் ரிப் (உள்பக்கம் பலத்துக்கு வைக்கும் மெல்லிய வரம்பு) வரும் இடத்தில் மேல்பரப்பு லேசாகக் குழிந்திருந்ததை விரலால் தடவிக் காட்டினேன். படத்தில் தெரிந்திருக்காது. பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திப் பிடிக்கும் ஹோல்டிங் பிரஷரைக் கூட்டிப் பார்த்து, போதாமல் ரிப்பின் தடிமனைக் குறைப்பதாக ஒப்புக்கொண்டார்கள். மேஜையில் ஒரு தட்டு நிறைய ஹுவாங்யான் ஆரஞ்சு வைத்திருந்தார்கள், அந்த ஊர் அதற்கும் பேர்போனது. உரித்துத் தின்றுகொண்டே மச்சினனுக்கு மூடியின் படத்தை அனுப்பினேன். காலையில் பதில்: "சூப்பருங் மாமா. நேத்தே அனுப்புவீங்கன்னு பாத்தேன்."

திரும்பும்போது லூச்சியாவ் விமான நிலையம் வரை அந்தப் பெண்ணே வந்தார். என் போர்டிங் பாஸைக் கையில் வாங்கி, இரண்டு ஊர்ப் பெயரையும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, பையிலிருந்து அந்தப் பெயர் அட்டையை எடுத்து என்னிடமே கொடுத்தார். அதன் பின்பக்கம் ஊர்ப் பெயரும், அதற்கு மேலே மாகாணத்தின் பெயரும் சிவப்பு மார்க்கரில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.